வலை ரூமில் இரண்டு ஸ்பீக்கர்

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சாயங்காலம் நடக்கும் ஒலிப்பதிவு வகுப்பில், மற்றவர்கள் சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். சங்கவி மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவாள். அது நிஜமான சந்தேகமா, இல்லை எல்லோருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியாமல் போனதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். கடைசியில் கேட்காமலே விட்டுவிடுவாள்.

பகலில் மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை. மாலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால் வகுப்புக்குச் சரியாக இருக்கும். வீடு கல்பாக்கத்துக்கு இந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில். அப்பா தேவேந்திரனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அம்மா ஆதியம்மாள் மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போகிறவள். மூன்று தெரு தள்ளி நின்று அவள் கூவினாலும் கல்பாக்கம் குடியிருப்பில் பாத்திரத்தோடு பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் ஸ்டூடியோ ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும்?

"டிவிலதான் சத்தம் நல்லா வருதே," என்றார் அப்பா.

"அது வேற நைனா. இது பாட்டு கேக்கறதுக்கு இல்ல. பதிவு பண்ணதுல இன்னா தப்பு கீதுன்னு கண்டுபுடிக்கறதுக்கு."

"தப்பு கண்டுபுடிக்கத்தான் உங்கம்மா கீறாளே. அதுக்கு எதுக்கு தனியா ரெண்டு பொட்டி?"

அம்மா கழுவிக்கொண்டிருந்த கூடையை நங்கென்று வைத்தாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆனால் சங்கவி அந்த ஸ்பீக்கர்களைத் தேடியது அக்காவுக்காக என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா ரஞ்சிதா கல்யாணமாகிக் கடப்பாக்கம் போய் ஆறேழு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் இந்த வீட்டில் ஒரு தனி உலகம் இருந்தது. வீட்டின் பின்பக்கம், சிமெண்ட் சீட்டுப் போட்ட ஒரு சின்ன அறை. அப்பாவின் வலைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். நண்டு வலை, கிழிந்த வலை, என்றைக்காவது தைக்கலாம் என்று போட்டுவைத்து யாரும் தைக்காத வலை என்று நான்கு மூலையிலும் ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்கும். வீட்டில் அதற்கு வலை ரூம் என்று பெயர். அம்மா மீன் விற்கப் போனதும் அக்காவும் தங்கையும் அந்தக் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து பாடுவார்கள். பாட்டும் அவர்களே கட்டியதுதான்.

உப்புக் காத்தே உப்புக் காத்தே
ஊருக்கு ஏன் வந்தே?
எங்கக்கா பாவாட காயலையான்னு
எட்டிப் பாக்க வந்தேன்!

கடைசி வரியை அக்கா பாடும்போது காற்று மாதிரியே இழுப்பாள். அந்த அறையில் அக்காவின் குரல் எங்கேயும் போய் மோதாது. நேராக வந்து காதோரம் உட்கார்ந்துகொள்ளும். வெளியே கடல் இரைவது யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். பாடி முடித்து எழுந்தால் இருவருடைய கெண்டைக்காலிலும் வலைக்கண் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். யாருக்கு அதிகம் பதிந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் சண்டை வரும்.

அக்கா போனபின் அந்தக் குரலை எங்கேயும் கேட்கவில்லை. போனில் பேசும்போது அது வருவதில்லை. ஒலிப்பதிவு படிக்கலாம் என்று செங்கல்பட்டுக்கு முதல்நாள் பஸ் ஏறியபோது சங்கவியின் மனதில் இருந்தது அது ஒன்றுதான். என்றைக்காவது அக்காவை அதே வலை ரூமில் உட்காரவைத்துப் பதிவு செய்யவேண்டும். செய்து கேட்கும்போது அந்தக் குரல் மறுபடி காதோரம் வந்து உட்காரவேண்டும்.

இதை ஒருமுறை தன்னோடு படிக்கும் பிரவின்குமாரிடம் அரைகுறையாகச் சொன்னாள். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவன். கருவிகள்மேல் ஆசை அதிகம். கை நிறைய வாங்கிவைத்திருக்கிறான்.

"சின்ன வயசுல சாப்பிட்ட குச்சி ஐஸ் மாதிரிங்க அது," என்றான். "இப்ப வாங்கிச் சாப்பிட்டா அந்த ருசி இருக்காது. ஐஸ் மாறலை, நாக்குதான் மாறிடுச்சு."

இருக்கலாம் என்று சங்கவிக்குப் பட்டது. தன்னைப் பற்றி யார் எந்தக் குறை சொன்னாலும் அவளுக்கு அப்படித்தான் படும்.

ஹெட்ஃபோன் போதாதா என்று வகுப்பு எடுக்கும் மாஸ்டர் கேட்டார். ஹெட்ஃபோனில் பாட்டு மண்டைக்குள் கேட்கிறது, ஓர் அறைக்குள் கேட்கிற மாதிரி இல்லை என்று அவள் சொன்னாள். அவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே கருத்து அதுதான். அவர் தலையாட்டிவிட்டு, அப்படியானால் ஆம்ப்ளிஃபயரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் பவர்டு மானிட்டர்களைப் பார் என்றார். தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மின் ஒயர், கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து ஒரு ஒயர், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே வைத்துக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். பிரவின்குமார் தன் ஜோடியை ஒரு ஞாயிறுக்குக் கொடுத்தான். வகுப்பில் இருந்த பழைய ஜோடியை அடுத்த ஞாயிறுக்கு மாஸ்டர் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வலை ரூமில் இருந்த ஒரே சுத்தமான இடம் நடுவில் ஒரு பாய் அகலம்தான். அதில் பெஞ்சைப் போட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரம் தள்ளித் தான் உட்கார்ந்து, பெட்டியின் மேல்பாதியில் உள்ள சின்ன ஸ்பீக்கர் காது மட்டத்துக்கு வர அடியில் செங்கல் வைத்து, முறைப்படி எல்லாம் செய்தாள்.

பிரவின்குமாரின் பெட்டிகள் எதைப் போட்டாலும் கல்யாண வீடு மாதிரி ஆக்கின. தாழ்ந்த சத்தமான பாஸ் தளும்பியது. தன் குரலைப் பதிவு செய்து போட்டால், தானா இது என்று அவளுக்கே வெட்கம் வரும் அளவுக்கு அழகாக இருந்தது. வகுப்பிலிருந்து வந்த பெட்டிகள் அப்படி இல்லை. அவள் மூச்சு வாங்குவது, உதடு ஒட்டிப் பிரிவது, தூரத்தில் அப்பா இருமுவது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிக் காட்டின. குரல் மட்டும் பூச்சு இல்லாமல், கிட்டத்தில் இருந்தது.

"குறை சொல்ற ஸ்பீக்கரை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று சிரித்தான் பிரவின்குமார்.

"எனக்குப் பழக்கம்தான்," என்றாள் சங்கவி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவை இரண்டாம்முறை யோசிக்காமல் எடுத்து, வகுப்பில் இருந்த அதே மாடலில் புது ஜோடி ஒன்றுக்கு ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தாள். அக்காவுக்குப் போன் செய்து அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்கு வரச்சொன்னாள்.

"பாடறதா? நானா? அடிப்போடி," என்றாள் அக்கா. ஆனால் வருவதாகத்தான் சொன்னாள்.

பெட்டி வந்த அன்று சங்கவி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கண்ண மூடிக்கினு வா," என்றாள்.

பின்பக்கம் கூட்டிப்போய்க் கண்ணைத் திறக்கச் சொன்னபோது வலை ரூம் அங்கே இல்லை. ரோஸ் நிறச் சுண்ணாம்பு அடித்த ஒரு வெற்று அறை இருந்தது. தரை பளபளவென்று கழுவியிருந்தது. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் அவள் பெட்டி, பிரிக்காமல்.

"வாடகைக்கு வூடு கேக்கறவன் பார்த்தா வுடமாட்டான்," என்றார் அப்பா, சுவரைத் தட்டிக்கொண்டே. "நீ இல்லாத நேரமா பார்த்து ரெண்டு நாளா நானும் உங்கம்மாவும் இதே வேலை. பட்டணத்துல ஸ்டூடியோன்னா இப்படித்தான இருக்கும்?"

 படகுக்குப் போகாமல் இரண்டு நாள் அப்பா சுண்ணாம்பு அடித்திருக்கிறார். "ரொம்ப நல்லா கீது நைனா," என்றாள். அது பொய் இல்லை.

பிறகு ஸ்பீக்கர்களை எடுத்து மாட்டித் தன் குரலைப் போட்டாள்.

கிணற்றுக்குள்ளிருந்து யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி வந்தது. கீழே பாஸ் உறுமியது. மேலே ஒவ்வொரு எழுத்தும் கணீர் கணீரென்று தெறித்தது. நிறுத்தினாள். ஒயர்களைச் சரிபார்த்து மறுபடி போட்டாள். அதே கிணறு, அதே டப்பா.

அடுத்த இரண்டு நாளும் அவள் செய்யாதது எதுவும் இல்லை. பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துளை இருக்கிறதே, சுவர் கிட்டத்தில் இருந்தால் உறுமும் என்று படித்ததை நினைத்து மேசையை முன்னால் இழுத்தாள். உறுமல் கொஞ்சம் குறைந்தது, டப்பா போகவில்லை. பின்னால் பாஸைக் குறைக்கும் ஸ்விட்சைத் தள்ளிப் பார்த்தாள். இப்போது உறுமலும் இல்லை, உயிரும் இல்லை. செங்கலை மாற்றினாள். இரண்டு பெட்டியும் தானும் சேர்ந்த முக்கோணத்தைக் கயிறு பிடித்து அளந்தாள். ஒரே மாதிரிப் பெட்டிதானே, வகுப்பிலிருந்து வந்தது இங்கேயே தேன் மாதிரிக் கேட்டதே என்று ஒரு மனம் சொன்னது. அதைக் கேட்டதும் இதே காதுதானே, அதை எப்படி நம்புவது என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனத்துக்குத்தான் அவளிடம் எப்போதும் செல்வாக்கு அதிகம்.

பிரவின்குமார் சொன்னது சரி. நாக்குதான் மாறிவிட்டது. அக்காவின் குரல் காதோரம் உட்கார்ந்ததும் இல்லை, வலை ரூமில் அப்படி ஒன்றும் நடந்ததும் இல்லை. எல்லாம் இரண்டு சின்னப் பெண்கள் சும்மா இருந்த மத்தியானங்களின் மிச்சம். திங்கட்கிழமைக்குள் ஸ்பீக்கர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். வகுப்பையும் விட்டுவிடலாம். அக்காவுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும், வரவேண்டாம் என்று.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வந்து, மத்தியானம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ரோஸ் அறையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வாசற்படியில் வந்து நின்று, பிறந்ததிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, "சோறு ஆறிக்கினு கீதுடீ!" என்றாள்.

ஆறிக்கினு கீதுடீ, கீதுடீ, டீ என்று அறை திருப்பிச் சொன்னது.

சங்கவி தலையைத் தூக்கினாள். இந்தப் படியில் நின்று இந்த வாயால் இந்த வார்த்தையை அம்மா எத்தனை வருஷம் சொல்லியிருப்பாள்! ஒருநாளும் அறை பதில் பேசியதில்லை. அம்மாவின் தெருக் குரல்கூட உள்ளே வந்தால் பஞ்சுமூட்டைக்குள் விழுந்த மாதிரி அடங்கிவிடும். கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி இரண்டு பேரும் எத்தனை தரம் தப்பித்திருக்கிறார்கள்!

"அம்மா, இன்னொரு தபா கூப்புடு."

"இன்னா?"

"சோறு ஆறுதுன்னு சொல்லு. சத்தமா."

"வெயில்ல போய் வந்ததுல இதுக்கு இன்னாவோ ஆயிட்ச்சு," என்று அம்மா பின்னால் திரும்பி அப்பாவிடம் சொன்னாள். அதையும் அறை திருப்பிச் சொன்னது.

சங்கவி எழுந்து கை தட்டினாள். டங் என்று சுவருக்குச் சுவர் ஓடியது. மூலைக்குப் போய்த் தட்டினாள். இன்னும் மோசம். வகுப்பில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருப்பது எதற்கென்று மாஸ்டர் சொன்னதும், அதெல்லாம் பின்னால் வசதி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தான் நினைத்ததும் ஞாபகம் வந்தன. நாலு மூலையிலும் ஆள் உயரத்துக்கு, ஆயிரக்கணக்கான கண்களோடு, காலகாலமாகச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தவற்றை அவள் சாமானாகக்கூட நினைத்ததில்லை. அது வீட்டுக் குப்பை. குப்பை என்று எல்லோரும் சொன்னதால் அவளும் அப்படியே சொல்லியிருந்தாள்.

"நைனா, அந்த வலையெல்லாம் இன்னா பண்ணே?"

"பழைய வலை வாங்கற வண்டி வந்துச்சு. பாதிய போட்டுட்டேன். மிச்சம் பக்கத்து வூட்டு மூர்த்தி எடுத்துக்கினு போயி கோழிக்கு வேலி கட்னான். ஏன்?"

"எனக்கு வேணும்."

அப்பா சாப்பாட்டில் வைத்த கையை எடுக்காமல் மகளைப் பார்த்தார். "பதினஞ்சு வருஷமா அத்த தூக்கிப் போடு தூக்கிப் போடுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க ஆத்தாளும் மகளும். இப்ப போட்டப்புறம் வேணுமா?"

"நைனா, அக்கா நாளைக்கு வருது."

 அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

கடல் கொந்தளிப்பு என்று இரண்டு நாளைக்குப் படகு இறக்கக்கூடாதென்று சொல்லியிருந்தார்கள். கரையில் மடித்துவைத்திருந்த தன் நல்ல வலைகளை அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ரோஸ் சுவரில் ஈரம் பட்டுக் கறை இறங்கியபோது அம்மா நெஞ்சில் கைவைத்தாள். "ரெண்டு நாள்கூட ஆவல," என்று அவள் முணுமுணுத்ததை அறை திருப்பிச் சொல்லவில்லை. ஒரு மூலை அதற்குள் அடங்கியிருந்தது.

அப்பா சொல்லிவிட, அடுத்த வீட்டு மூர்த்தி மாமா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார். பிரித்ததற்குச் சாட்சியாகப் பின்னாலேயே இரண்டு கோழிகள் வந்தன.

"பாட்டுப் பாடறதுக்கு வலை எதுக்கும்மா? மீனாட்டம் பாட்டு மாட்டுமா?"

"ஓடிப்போவாம இருக்கறதுக்கு மாமா."

"அப்ப என் கோழிக்கு இன்னா பதில் சொல்றது?"

"திங்கக்கெழம பதில் சொல்றேன் மாமா."

மூலைக்கு மூலை குவித்து, பின்சுவரிலும் ஆணி அடித்து இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு, நடுவே நின்று சங்கவி கை தட்டினாள். தப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அங்கேயே விழுந்தது. தன் பழைய பதிவைப் போட்டாள். உதடு ஒட்டிப் பிரிவது கேட்டது. அப்பாவின் இருமல் கேட்டது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரஞ்சிதா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கொஞ்சம் பருத்திருந்தாள். கடப்பாக்கத்தில் அவளும் மீன் கூடை தூக்குகிறாள். வலை ரூமுக்குள் காலை வைத்தவள் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாடி, அப்படியே கீது?"

"அப்படியே இல்ல. வா, குந்து."

அக்கா குவியல்மேல் ஏறப் பார்த்தாள். பழைய வேகத்தில் ஏற முடியவில்லை. தங்கை கைகொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. இருவரும் சிரித்தார்கள். மைக்கைப் பார்த்து முதலில் வெட்கப்பட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். உப்புக் காத்தே, உப்புக் காத்தே.

பாடும்போதே சங்கவிக்குத் தெரிந்துவிட்டது. போட்டுக் கேட்டபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. குரல் காதோரம் வந்து உட்கார்ந்தது உண்மை. கடல் போர்வைக்குள்ளிருந்து பேசியதும் உண்மை. ஆனால் வந்து உட்கார்ந்தது அந்தக் குரல் இல்லை. தடித்து, நடுவில் கரகரத்து, மேல் ஸ்தாயியில் சின்னதாக உடைந்து வந்த ஒரு குரல். ஸ்பீக்கர் எதையும் மறைக்கவில்லை. தெருத் தெருவாகக் கூவிய ஒவ்வொரு காலையும் அதில் இருந்தது.

ரஞ்சிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போயிட்ச்சு இல்ல? எனக்குத் தெரியும். அதான் நானா பாடறதுன்னு கேட்டேன்."

"இரு," என்றாள் சங்கவி. கரகரப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறைத்தாள். மேலே கொஞ்சம் மினுமினுப்பு ஏற்றினாள். பின்னால் ஒரு மண்டபத்தின் எதிரொலியைச் சேர்த்துப் போட்டாள். பிரவின்குமார் கேட்டால் கை தட்டியிருப்பான்.

ரஞ்சிதா முழுசாகக் கேட்டாள். "நல்லாத்தான் கீது. யாருடி இது?"

சங்கவி சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு முதலில் இருந்ததையே மறுபடி போட்டாள். இந்தமுறை இருவரும் வலையில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். கடைசி வரியில் காற்று மாதிரி இழுக்கும் இடம் வந்தது. குரல் உடைந்தது, ஆனால் இழுப்பு அதேதான். எங்கே தொடங்கி எங்கே விடுவாளோ அங்கேயே தொடங்கி அங்கேயே விட்டாள்.

அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "நான் எப்ப பாடனேன்? யாரு இத்த ரெக்கார்டு புடிச்சது?"

"உன்ன இல்லம்மா. அக்காவ."

அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "என் தொண்டையப் போயி இது வாங்கிக்கினு கீது பாரு," என்றாள். அவள் திட்டினாளா, பெருமைப்பட்டாளா என்று மகள்கள் இருவருக்கும் தெரியவில்லை. பாட்டு முடிந்தும் அவள் போகாமல் நின்றதிலிருந்துதான் தெரிந்தது.

"இன்னொரு தபா போடு," என்றாள் ரஞ்சிதா.

மத்தியானம் பஸ்ஸுக்கு நேரமாகிக் குவியலிலிருந்து இறங்கும்போது ரஞ்சிதா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. சங்கவியும் சுடிதாரை ஏற்றிக் காட்டினாள்.

"எனக்குத்தான் ஜாஸ்தி," என்றாள் அக்கா.

"நீ வெயிட்டு போட்டுட்டே. அது கணக்குல வராது."

பஸ் ஏற்றிவிட்டு வந்தவள், ஸ்பீக்கர்கள் வந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் வேண்டும் என்று தெர்மாகோல் துண்டுகளைக்கூட உடையாமல் பத்திரமாக வைத்திருந்தாள். துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் கத்தியால் ஒரு கதவு வெட்டி, உள்ளே கொஞ்சம் வைக்கோல் போட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு வேலி இல்லாத மூர்த்தி மாமா வீட்டுக்குப் போனாள்.

"மாமா," என்று கூப்பிட்டாள். "உன் கோழிக்குப் பதில் கொண்டாந்துக்கீறேன்."